கஞ்சி போடாத காலர்கள்

டிராய் நகரம்
1886 நவம்பர் 7, ஞாயிறு

அன்பு மகன் டெர்மட்டுக்கு அம்மா எழுதுவது. தேவமாதா தயவில் அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த மொன்டானாக் குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல், வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, நோயில்லை, சந்தோஷத்தில் கை ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. ஐந்து நாளாகவே இப்படித்தான்.

சலவைச்சாலையில் காலருக்குக் கஞ்சி போடும் இயந்திரம் வந்ததையும், அதைச் சாக்கு வைத்து இஸ்திரி போடுகிற எங்கள் கூலியில் கால்பங்கைக் குறைத்ததையும் போன கடிதத்தில் எழுதியிருந்தேன். செப்டம்பர் கடைசியில் நூற்றெண்பது பெண்களும் ஒன்றாக வெளியே வந்துவிட்டோம். முதலாளி வெளியூரிலிருந்து கருங்காலிகளை இறக்கினார், அவர்களுக்குக் காவலாகத் தடியோடு போலீஸ் வந்தது. வாசலில் சும்மா நின்ற பக்கத்து வீட்டு வின்னியை, தெருவில் கல் பதிக்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, தலைமயிரைப் பிடித்து இழுத்துப் போய் மூன்று நாள் உள்ளே வைத்தார்கள், அவள் கைக்குழந்தைக்கு நான்தான் பால் காய்ச்சிக் கொடுத்தேன். நம் வார்டில் போலீஸ் யார் சொன்னால் வரும், யார் சொன்னால் போகும் என்று உனக்குத் தெரியும். ஆறு பேராகக் கவுன்சிலர் மெக்கார்டிலின் சாராயக்கடைக்கே போய், உங்கள் வார்டுப் பெண்கள் அடிபடுகிறோம், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டோம். அவர் சுருட்டைக்கூட வாயிலிருந்து எடுக்காமல், "உங்க ஆறு பேர்கிட்டயும் சேத்து எத்தன ஓட்டும்மா இருக்கு?" என்றார். பெண்களுக்கு ஏது ஓட்டு, கடையே சிரித்தது. மூலையில் உன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. கால் ஒடிந்து கிடந்தவருக்குத் தெருவில் கல் பதிக்கிற வேலை வாங்கித் தந்தது மெக்கார்டில்தானே, என்ன சொல்வார்.

கடையை விட்டு வெளியே வந்ததும் வின்னி சொன்னாள், "ஓட்டு நம்ம கையில இல்லன்னா என்னடி, ஓட்டு வச்சிருக்கறவன் கழுத்து நம்ம கையிலதான இருக்கு." அன்றிலிருந்து வார்டில் ஒரு ஆம்பளை காலருக்கும் நாங்கள் கஞ்சி போடவில்லை, இஸ்திரிப் பெட்டியும் வைக்கவில்லை. இரும்பு வார்க்கிற லாலரைத் தொழிலாளர் சங்கம் கவுன்சிலர் தேர்தலில் மெக்கார்டிலுக்கு எதிராக நிறுத்தியிருந்தது, அவருக்கு ஓட்டுப் போடுவதாக வாக்குக் கொடுத்தால்தான் காலர் விறைக்கும் என்று சொல்லிவிட்டோம். அடுத்த ஞாயிறு பூசைக்கு நீ வந்திருக்க வேண்டும். காலருக்கே பேர்போன ஊரில் நூறு ஆம்பளைகள் கழுத்தில் காலர் என்று வாடின முட்டைக்கோஸ் இலையைச் சுற்றிக்கொண்டு முழங்கால் போட்டிருந்தார்கள். மெக்கார்டிலும் அப்படித்தான், அவருக்கு வெளுப்பவளும் எங்களில் ஒருத்தி அல்லவா. சாமியார் பிரசங்கத்தின் நடுவே இரண்டு தரம் இருமினார், அது இருமல் இல்லை என்று கோவிலுக்கே தெரியும். மூன்றாம் வாரம் ஒவ்வொருவராக வழிக்கு வந்தார்கள். உன் அப்பா மட்டும் வரவில்லை. "நோரா, வேல போயிரும். ஒனக்கும் கூலி இல்ல, அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை தேர்தல். ஓட்டுப்பெட்டியை நாவிதர் கடையில் வைத்திருந்தார்கள், நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நின்றோம். மெக்கார்டில் அச்சடித்துக் கொடுத்த ஓட்டுச்சீட்டு இளஞ்சிவப்பு, சங்கத்துச் சீட்டு வெள்ளை, எவன் கையில் எது என்று இருபதடியிலிருந்தே தெரியும். அதற்காகவே மெக்கார்டில் வாசலில் நின்றார். நாலு மணிக்குக் கல் பதிக்கிற பன்னிரண்டு பேரையும் மேஸ்திரி வரிசையாகக் கூட்டி வந்தான், எல்லார் கையிலும் இளஞ்சிவப்பு. அப்பா வாசலுக்கு வந்ததும் நின்றார். தன் சீட்டை மெக்கார்டில் கையில் கொடுத்து, "இது ஒங்களது, வச்சிக்கோங்க" என்றார். பிறகு தொப்பிக்குள்ளிருந்து வெள்ளைச் சீட்டை எடுத்துத் தெருவுக்கே தெரியும்படி தூக்கிப் பிடித்தார். மெக்கார்டில் முகம் செத்துப்போய், "ஹியூ, கால் ஒடஞ்சு கெடந்தப்ப ஒனக்கு யாரு வேல குடுத்தா?" என்று கேட்டார். "நீங்கதான் குடுத்தீங்க. அதுக்கு நாலு வருஷமா ஓட்டுப் போட்டாச்சு. வின்னிய இழுத்துட்டுப் போனப்ப வேடிக்க பாத்துக்கிட்டு நின்னேன். அதுக்கு இது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வின்னி என் கையை இறுக்கிய இறுக்கில் இன்னும் நகத்தடம் இருக்கிறது. அவர் பின்னால் நின்ற பதினோரு பேரில் ஏழு பேர் அங்கேயே வெள்ளைச் சீட்டு கேட்டு வாங்கினார்கள். லாலர் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார்.

மறுநாள் காலையிலேயே அப்பாவிடமிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்கள், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆனால் வியாழன் சலவைச்சாலை வாசலில் ஒரு போலீஸ்காரனும் இல்லை, வெள்ளி முதலாளி எங்களைக் கூப்பிட்டுப் பழைய கூலியையே தருவதாகக் கையெழுத்துப் போட்டார். இயந்திரம் இருக்கத்தான் செய்யும், அதை மெல்லப் பார்த்துக்கொள்வோம். இரும்பு வார்ப்பவர்கள் சொல்லி அப்பாவுக்கு இரும்படுப்பு வார்க்கிற பட்டறையில் மணல் சுமக்கிற வேலை கிடைத்திருக்கிறது, நாளை போகிறார். அந்தக் காலோடு எப்படிச் சுமப்பாரோ என்பதுதான் என் கவலை, கேட்டால் சீட்டியடிக்கிறார்.

இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன், ஈரமானதை மாட்டிக்கொண்டு தூங்காதே. அங்கே சுரங்கக்காரர் சங்கம் இருந்தால் பெயரைக் கொடு. இன்னொன்று. உள்ளூர்த் தேர்தலில் இரண்டு குவளை விஸ்கிக்கு ஓட்டைக் கொடுத்துவிட்டேன் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய், அன்று படித்து நானும் சிரித்தேன். இனி அப்படிச் செய்யாதே ராசா. நாற்பத்தாறு வயதில் என்னால் தெருவின் எதிர்ப்பக்கம்தான் நிற்க முடிந்தது. உன்னை உள்ளே விடுகிறார்கள்.

தேவமாதா உன்னைத் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ஹனோரா