குவைத்துக்கு அனுப்பிய டிஸ்க்குகள்

பெப்ரவரி 2, 2025, ஞாயிறு

தம்பி கொழும்பிலிருந்து கோல் எடுத்தான். அவனுடைய கல்யாண ஹோலில் பெரிய ஸ்கிரீன் போடுகிறார்களாம். பெண் வீட்டார் நிலூஷாவின் சின்ன வயது வீடியோக்களைக் கொடுத்துவிட்டார்களாம்.

"நம்மகிட்டயும் இருக்குந்தானே அக்கா, அப்பா எடுத்தது. பென் டிரைவ்ல போட்டு அனுப்பு. சின்ன சைஸா போடச் சொல்லு, வட்ஸ்அப்ல வர்ற மாதிரி."

அனுப்பு, போடச் சொல்லு. சுதேஷுக்கு என்னிடம் பேச வேறு வினைச்சொல் கிடையாது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் குவைத் சூட்கேசைத் திறந்து, சேலைத் துண்டில் சுற்றிய பொதியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளங்கையளவு டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் உறையிலும் அப்பாவின் கையெழுத்தில் மாதமும் வருடமும். "ஒண்ணுகூடத் தொலைக்கல" என்றாள், பெருமையாக.

தொலைக்காமல் வைத்து என்ன?

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், நான் வேலை செய்கிற துணிக்கடை பூட்டு. மஹியாவ வீட்டில் அம்மாவோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்க முடியாமல் அறைக்குள் வந்து எழுதுகிறேன்.

அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் போனபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அடுத்த வருடம் ஒரு கேமரா அனுப்பினாள். கேசட் போடுவது ஒன்று, சின்ன டிஸ்க் போடுவது ஒன்று என்று கடையில் இரண்டு காட்டினார்களாம். அவள்தான் டிஸ்க்கைத் தெரிந்தெடுத்தாள். அவளுக்குக் கொடுத்த அறையில் பழைய டிவிடி பிளேயர் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து டிஸ்க் வந்ததும் அப்படியே போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். அப்பா எங்களை எடுப்பார், குவைத் போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார்.

எங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவின் தங்கச்சி பாலாம்பிகை அத்தை ஹேவாஹெட்டயிலிருந்து வந்து தங்கினாள். வந்தவள் ஒஃபிஸ்களுக்குச் சோத்துப் பார்சல் விற்கத் தொடங்கினாள். வெங்காயம் உரிக்க, பார்சல் கட்ட ஆள் வேண்டும். அந்த வருடத்தோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப் போகிறேன் என்றாள். அப்பா பாவம், தங்கச்சியை எதிர்த்துப் பேசமாட்டார். அம்மா சொன்னால் கேட்பார். வீட்டில் யாருமில்லாத நேரம் கேமராவை மேசையில் வைத்து நானே பேசினேன். என்னை நிப்பாட்டப் போறாங்க அம்மா, அப்பாகிட்ட சொல்லுங்க, இல்லாட்டி வந்துருங்க.

டிஸ்க் போய்ச் சேர்ந்த பிறகு ஃபோனில் கேட்டேன், அத்தை பக்கத்தில் நிற்க. "கடைசில நான் பேசினதப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு. ரொம்ப அழகா இருந்துச்சு."

அழகா இருந்துச்சாம்!

என்னை நிறுத்திய பிறகு அதே வாயால் கேட்டாள், ஏன் படிக்க மாட்டேன் என்கிறாய் என்று. ஃபோனை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். அப்பா செத்த பிறகுதான் அம்மா வந்து சேர்ந்தாள். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "மகன்தான் படிச்சான், இவ மாட்டேன்னுட்டா" என்பாள். அரிசி, காஸ், கரண்ட் பில் தவிர அவளிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை.

பெப்ரவரி 12, புதன், போயா லீவு

மடவளைக்குப் போனேன். நப்லா என்ற பெண் வீட்டு முன்னறையில் பழைய வீடியோக்களை மாற்றிக் கொடுக்கிறாள்.

"எதுல பார்க்கப் போறீங்க? டீவியா, ஃபோனா? மொதல்ல அதச் செல்லுங்க."

தம்பி சொன்னதைச் சொன்னேன். தலையாட்டினாள். "வட்ஸ்அப் சைஸுக்குச் சுருக்கினா ஹோல் ஸ்கிரீன்ல மொகமெல்லாம் கட்டம் கட்டமாத் தெரியும். டிஸ்க்ல ஈக்கிறத அப்படியே ஹார்ட் டிரைவ்ல ஒரு கொப்பி வெச்சுக்கோங்க. பார்க்கிறதுக்கு எம்பி ஃபோர்ல வேற ஒண்டு போட்டுத் தாறேன். டிஸ்க நம்ப ஏலா, கண்டி ஈரத்துக்குப் பூத்துரும்."

பேசிக்கொண்டே ஒன்றைக் கம்பியூட்டரில் போட்டாள். வெறும் டிஸ்க் என்று காட்டியது. இன்னொன்று. அதுவும் வெறுமை. டிவிடி பிளேயரிலும் அப்படியே.

"இதுல ஒண்டையும் மூடல்லயே" என்றாள்.

எடுத்து முடிந்ததும் கேமராவிலேயே ஒரு பட்டனை அமத்தி டிஸ்க்கை மூட வேண்டுமாம். மூடாவிட்டால் எடுத்த கேமராவில் ஓடும், மற்ற பிளேயருக்கெல்லாம் அது வெறும் தகடு. அதே கம்பெனிக் கேமரா அவளிடம் ஒன்று இருக்கிறது. அதில் போட்டு எடுத்துவிடலாமாம்.

"அப்ப குவைத்துல இது ஓடியிருக்குமா?"

"எங்கயுமே ஓடியீக்காது."

பெப்ரவரி 13, வியாழன்

அம்மா பார்க்கவே இல்லை. பார்க்காமல்தான் அழகா இருந்துச்சு என்றாளா? நான் இத்தனை காலம் வெறுத்தது எதை?

பெப்ரவரி 14, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அந்த டிஸ்க் ஒண்ணாவது அங்க ஓடுச்சா?"

கை நின்றது. "ஓடல."

"பின்ன ஏன் பாத்தேன் பாத்தேன்னு சொன்னீங்க?"

"மொத டிஸ்க்லயே ஒங்கப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணும் வரலங்கன்னு. அவருதான், பாத்தேன்னே சொல்லு, புள்ளைங்க மனசு ஒடஞ்சிரும்னாரு. ஓடலன்னா எடுக்கிறதயும் விட்டுருவீங்கன்னு எனக்கும் பயம். வர்றதயாவது கையில வச்சிக்கிட்டு இருக்கலாமேன்னு..."

"நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல?"

"என்ன சொன்ன?"

இப்போது கேட்கிறாள்! சொன்னேன். கத்தித்தான் சொன்னேன், பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. கீரைக் காம்பைப் பிடித்தபடி, "நீ மாட்டேங்கிறன்னுதானே எனக்குச் சொன்னாங்க" என்றாள்.

"யாரு?"

"ஒங்கத்த. அப்பாவுந்தான்."

அப்பாவுமா? அத்தை சொல்லிக்கொடுத்திருப்பாள். அவருக்கு வேறு வழி இருந்திருக்காது.

கோபத்தைச் சுமந்து பழகிவிட்டது. இறக்கி வைக்க இடம் தெரியவில்லை. வெறுக்கவும் ஆளில்லை என்றால் நான் யார்?

பெப்ரவரி 23, ஞாயிறு

நப்லா எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். "ஒண்ட மட்டும் நீங்க பார்த்துட்டுச் செல்லுங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள்.

நான். இரட்டைப் பின்னல், யூனிஃபோம், கழுத்தெலும்பு தெரிகிறது. நினைவில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் பேசியிருக்கிறேன். வந்துருங்க அம்மா என்று இரண்டு தடவை. பிறகு கேமராவை நிறுத்தாமலே ஓடியிருக்கிறேன், பட்டனைச் சரியாக அமத்தவில்லை போல. வெறும் கதிரை. வெளியே பஸ் ஹோர்ன்.

பிறகு குரல்கள்.

"கேட்டீங்களாண்ணே? எல்லாத்தயும் வாசல்ல நின்னு கேட்டோம்ல. அழிச்சிருங்க."

"இந்த டிஸ்க்ல அழிக்க ஏலாது."

"அப்ப அனுப்பாதீங்க."

"அனுப்பாட்டி ஏன்னு இவ கேப்பா. போகட்டும் விடு. அங்கதான் ஓடாதே."

அப்பா. சிரித்தபடி சொன்னார். அவருடைய நீலச் சட்டை கிட்ட வந்து ஸ்கிரீனை மூடியது. அவ்வளவுதான்.

அப்பா பாவம் என்று எழுதினேனே இதே கொப்பியில். எத்தனை வருடம் அவருக்காகப் பேசியிருக்கிறேன்! நோயில் கிடந்தபோது கழுவித் துடைத்தது நான். என் கையைப் பிடித்து, "ஒங்கம்மா வரல பாத்தியா" என்றாரே. அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா மனுசன்?

நப்லா உள்ளே போனாள். பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசித் துண்ட வெட்டவா, வெக்கவா?" என்றாள்.

இரண்டு விதமாகவும் கேட்டேன். நான் எழுந்து போவதோடு முடிகிற ஒன்று பென்னில். முழுசு ஹார்ட்டில்.

பெப்ரவரி 24, திங்கள்

சுதேஷிடம் சொன்னேன்.

"செத்தவரப் பத்தி இப்ப என்னத்துக்கு அக்கா? தாம்பூலம் மாத்துறப்ப அத்ததான் அப்பா எடத்துல நிக்கப் போறாங்க. கல்யாணம் முடியட்டும். அந்த ஒரு டிஸ்க்க விட்டுரு."

"நீ ஸ்கூலுக்குக் கொண்டுபோன சோத்தயும் நான்தாண்டா கட்டினேன்."

"அதுக்கு நான் என்ன செய்யிறது?"

உண்மைதான். அவன் என்ன செய்ய? ஃபோனை வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 26, புதன்

அம்மாவுக்கு வெட்டியதைப் போட்டுக் காட்டினேன். டீவிக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும், "எவ்ளோ மெலிஞ்சிருக்க" என்றாள். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"நீ எந்திரிச்சுப் போனதுக்கு அப்புறம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதோட முடிஞ்சிச்சு."

அவளுக்கென்று அப்பா ஒருவராவது நல்லவராக இருக்கட்டும். ஹார்ட்டை அலுமாரியில் என் உடுப்புக்கு அடியில் வைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது. நிலூஷா நல்ல பிள்ளையாகத் தெரிகிறாள்.

நப்லா சொன்னது சரி, பெரிய ஸ்கிரீனில் முகங்கள் சுத்தமாகத் தெரிந்தன. குட்டி சுதேஷ் சைக்கிள் ஓட்டுகிறான், அப்பா பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுகிறார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தை முன்வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்து அழுதாள். "எங்கண்ணன் மாதிரி ஒருத்தன் வருவானா" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். என்னைக் கண்டதும், "தர்ஷனா, தண்ணி கொண்டா தாயி" என்றாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கையை அறுத்து எறியலாம் போல இருந்தது.

அத்தைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, திங்கள்

கால் வீக்கம். கடைக்குப் போகவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அப்பாவின் திதி. வருடா வருடம் அம்மா விடியவே தலை முழுகி, கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து மரக்கறிச் சோறு படைப்பாள். இந்த முறை நான் வரமாட்டேன், கடையில் வேலை என்று பொய் சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. மார்க்கட்டுக்குப் போய்விட்டு வந்தாள். பையில் மீன்.

"இன்னைக்குத் திதி" என்றேன்.

"தெரியும்."

மீனை வெட்டிக் கழுவினாள். தேங்காய் துருவும்போது, என்னைப் பார்க்காமல், "அலுமாரில இருந்தத டீவில குத்திப் பாத்தேன். முழுசா" என்றாள்.

"எப்ப?"

"கல்யாணத்துக்கு முந்தியே."

அப்படியானால் அன்றைக்கு ஹோலில் எல்லாம் தெரிந்துகொண்டுதான் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மகனுக்காக.

போய் வெங்காயம் உரித்துக் கொடுத்தேன். பகல் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் புளி கூடிவிட்டது. சொன்னேன்.

"நாளைக்கு நீ வையி" என்றாள். என் சோத்துக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் போட்டாள்.