வாயில் புழுவோடு வந்த மஞ்சள் தொண்டைச் சின்னான்

என் செல்ல மேகலா அக்காவுக்கு,

நீ பார்க்காமலே போன மஞ்சள் தொண்டைச் சின்னான் குருவியை நான் பார்த்துவிட்டேன். இதை உன்னிடம் சொல்லும்போது நான் துள்ளிக் குதிக்க வேண்டும். ஆனால் மலையிலிருந்து இறங்கிய நாளிலிருந்து எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்வேன்?

விலங்கியல் படிக்கக் கல்லூரிக்குப் போன முதல் மாதமே உனக்கு அந்தப் பறவைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தென்னிந்தியக் குன்றுகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது கிடையாதாம். நம் மாடியிலிருந்து தெரிகிற கல்வராயன் மலையில், பாறையும் புதரும் கலந்த சரிவில் இருக்கிறதாம். "இவ்ளோ பக்கத்துல வச்சிக்கினு பாக்கலன்னா வெக்கம்டி" என்பாய். இரண்டு முறை பஸ் ஏறிப் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. மறுபடி போவதற்குள் டெங்கு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதனால்தான், கள்ளக்குறிச்சியில் பறவை பார்க்கிற சிலர் வேன் பிடித்து வெள்ளிமலைப் பக்கம் போகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மாவிடம் அழுது அடம்பிடித்து நானும் போனேன். உன் பைனாகுலரை மாட்டிக்கொண்டு போனேன். உனக்குப் பதிலாக நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

கூட்டிப்போனவர் பாஸ்கர் அண்ணன். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரர். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்கும்போது, "பொண்ணு மாப்ளையே என் பேச்சக் கேட்டுத் திரும்புறாங்க, குருவி திரும்பாதா?" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் சரிவுக்குப் போனதும் பாஸ்கர் அண்ணன் ஒரு குட்டி ஸ்பீக்கரைப் புதருக்குள் வைத்தார். செல்போனில் அந்தப் பறவையின் குரலை ஓட விட்டார். உடனே வந்துவிட்டது, அக்கா! தலையும் தொண்டையும் மஞ்சள் பூசிய மாதிரி, அவ்வளவு பக்கத்தில். உன் பைனாகுலரே தேவைப்படவில்லை.

அப்புறம்தான் அதன் அலகைப் பார்த்தேன். ஒரு பச்சைப் புழு தொங்கிக்கொண்டிருந்தது. அது புழுவை விழுங்கவும் இல்லை, கொண்டுபோகவும் இல்லை. தன் இடத்தைப் பிடிக்க வேறு ஒரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து, ஸ்பீக்கரையே சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் அண்ணன் மறுபடியும் குரலை ஓட விடுவார். மறுபடியும் பதறிக்கொண்டு வரும்.

"அண்ணா, நிறுத்துங்கண்ணா. அது குஞ்சுக்குத் தீனி கொண்டுபோவுது" என்றேன்.

"அதான் பாப்பா விசேஷம். வாயில புழுவோட இந்தப் படம் யாருக்குக் கெடைக்கும்?"

பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, "நமக்காவவே பாடுது பாரேன்" என்றார்.

"பாடலக்கா, சண்டைக்குக் கூப்புடுது."

"இன்னா பாப்பா, குருவிக்கு வக்கீலா நீ?" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. நேராகப் போய் ஸ்பீக்கரை எடுத்தேன், அணைத்தேன், என் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"இதுக்குத்தான் சின்னப் பசங்களக் கூட்டியாரக் கூடாதுன்றது!" என்று ஆளாளுக்குக் கத்தி, பையைப் பிடுங்கி ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு, என்னை வேனில் போய் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அங்கிருந்து கேட்டால், புதருக்குள் மறுபடியும் அந்தக் குரல். பறவை மேல் ஆசை என்று சொல்கிறவர்கள்தானே இவர்கள்? பசித்த குஞ்சுக்கு அம்மா வராமல் செய்வது எந்த ஊர் ஆசை?

கேள், இன்னும் இருக்கிறது. நேற்று பாஸ்கர் அண்ணன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். "பாப்பா மேல கோவம் இல்லம்மா. அவங்கக்கா ஆசப்பட்ட குருவின்னு சொன்னாங்க, அதான்" என்றார். அம்மா அழுதுவிட்டாள். அவர் போனதும் உன் படத்துக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்து மாட்டினாள்.

"அத எடும்மா" என்றேன்.

"ஏன்டி, பைத்தியமா ஒனக்கு? கண்ணால பாக்காதத அவ படத்துலயாவது பாக்கட்டும்டி."

மலையில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அம்மா படத்துக்குக் கிட்டே போய், அந்த அலகை வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது கஞ்சித் தூக்கோடு வாசலில் நிறுத்தப்பட்டவள் அவள். உள்ளே விடச் சொல்லிக் கத்தினாளே, உனக்குக் கேட்டதா?

"அப்ப அந்தக் குஞ்சுங்க சாப்புட்டுச்சாடி?"

"தெரியலம்மா."

அம்மா படத்தைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றினாள். "நாளைக்கு நானே அந்த ஸ்டூடியோவுக்குப் போறன். இதக் குடுத்துட்டு, இதே கேள்விய அவரக் கேட்டுட்டு வரன்" என்றாள். நானும் கூடப் போகப் போகிறேன், அக்கா.

ஏமாற்றி வரவழைத்த பறவையை நாம் பார்த்ததாகக் கணக்கு வைக்கக் கூடாது. உனக்கு வாக்குத் தருகிறேன்: கூடு கட்டும் காலம் முடிந்ததும் அம்மாவோடு பஸ் ஏறிப் போவேன். எட்டத்தில் ஒரு பாறையில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பேன். அதுவாக வந்தால் உனக்கும் சேர்த்துப் பார்ப்பேன். வராவிட்டால், வரவில்லை என்றுதான் எழுதுவேன்.

கோபம் ஆறாமலே உன்னைக் கட்டிக்கொள்ளும்
உன் கூடப் பிறந்தவள்,
வெண்ணிலா