கம்பி வழியே நீட்டிய கை

12.3.1992, வியாழன்

மகனும் மருமகளும் மில்லுக்குப் போகும்போது, நான் எங்காவது விழுந்துவிடுவேன் என்று கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுகிறார்கள். இன்று மதுரையிலிருந்து ஒரு பெண் ஆராய்ச்சிக்கென்று வந்தாள். மனது நன்றாக இருந்தால் வயதான காலத்தில் உடம்பும் நன்றாக இருக்கிறதா என்று வீடு வீடாகக் கேட்கிறாளாம். கம்பி வழியே கையை நீட்டினேன். பிரஷர் பார்த்தாள்.

"ஆச்சி, சந்தோஷமா இருக்கீங்களா?"

"எனக்கென்ன கொறச்சல் தாயி? எம்மவன் ராணி மாதிரில்லா வச்சிருக்கான்!"

"வெளிய போவீங்களா?"

"தெனமும் ஆண்டாள் கோயிலுக்குப் போயிட்டுத்தான் வாரேன்."

அவள் பூட்டைப் பார்த்தாள். நான் சொன்னபடியே எழுதிக்கொண்டாள்.

"பிரஷர்தான் ரொம்ப ஏறிக் கெடக்கு ஆச்சி" என்றாள்.

பெற்ற மகனை ஊரார் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? திங்கட்கிழமை மறுபடியும் வருவாளாம். அன்றைக்கும் கம்பி வழியேதான் கையை நீட்டுவேன். வாய் இதையேதான் சொல்லும்.