வாசலில் நின்ற பாலியஸ்டர் சேலை

ஆவணி 11, வியாழன்

கண்ணை மூடினால் அந்த வாசல்தான் வருகிறது.

எங்கள் கல்லூரியின் சமூகப்பணித் துறையில் களப்பணிக்குச் சேலை கட்டாயம். இருப்பதிலேயே மடிப்புக் கலையாத பாலியஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு, ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறினேன். தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விழிப்புணர்வு வகுப்பு எடுக்க வேண்டும். இந்த முறையும் சொதப்பினால் களப்பணியில் பெயில்தான் என்று மேடம் சொல்லியிருந்தார்.

ஆலை வாசலில் சோதனை போடுகிற மாரியக்கா என் முந்தானையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“டீச்சர், இது உரசினா பொறி பறக்கும். இதோட நீங்க உள்ள வந்தீகன்னா நாங்க அம்புட்டுப் பேரும் வெளிய ஓடணும்.”

“தெரியாதுக்கா.”

“தெரியாதா? உங்க கையில இருக்கிற சார்ட்ட வாசிங்க.”

வாசித்தேன். முதல் வரி: பருத்தி ஆடை மட்டுமே அணிய வேண்டும். என் கையெழுத்துதான். அடியில் சிவப்புக் கோடு வேறு போட்டிருந்தேன்.

மாரியக்காவின் மாற்றுப் பருத்தி நைட்டியையும், அதன்மேல் அவர் வீட்டுக்காரரின் சட்டையையும் போட்டுக்கொண்டு வகுப்பு எடுத்தேன். பெண்கள் சட்டையைப் பார்த்தே சிரித்துத் தீர்த்தார்கள். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் போட்டோ இல்லை. கடவுள் இருக்கிறார்.

நாளை அறிக்கை கொடுக்க வேண்டும். கடைசிக் கேள்வியில் அரை மணி நேரமாக நிற்கிறேன்: ‘உங்கள் விழிப்புணர்வு வகுப்பால் ஏற்பட்ட உடனடி மாற்றம் என்ன?’

பொய் எழுத மனம் வரவில்லை. எழுதிவிட்டேன்: ஒருவர் அங்கேயே உடை மாற்றிக்கொண்டார்.