சீனி போட்ட மக்ரோனி

1934 ஆவணி, வெள்ளி இரவு. சிம்பாங் ரெங்கம், மலாயா.

லீவில் இத்தாலி போன தோட்டத் துரைக்குச் சமைத்துப் போட, கூடவே கப்பலேறிய என் வீட்டுக்காரர் திரும்பி வந்து மூன்று நாளாகிறது. வாயைத் திறந்தால் இத்தாலிதான். நேப்பிள்ஸில் எரிமலை புகைவதைப் பார்த்துக்கொண்டே, சுட்ட மீனில் எலுமிச்சை பிழிந்து தின்றாராம். அடுத்த வருஷமும் துரை கூப்பிடுகிறாராம். அவர் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார், எனக்கோ மறுபடியும் தனியாகக் கிடக்க வேண்டுமே என்றிருக்கிறது.

இன்று சாயங்காலம் அங்கிருந்து கொண்டுவந்த மக்ரோனியை அவரே வேகவைத்தார். கோதுமை மாவில் செய்த நீள வகையாம், நூல் நூலாக இருந்தது. அவர் தக்காளிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தபோது, நான் அதன்மேல் தேங்காய்ப்பால் ஊற்றிச் சீனியும் தூவிவிட்டேன். திரும்பிப் பார்த்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இடியாப்பம்தானே இது?” என்றேன்.

“நானும் அங்க இதுக்குச் சீனிதான் கேட்டேன், புள்ள. கடையே சிரிச்சிச்சு.” தட்டைப் பார்த்தபடியே சொன்னார். “அப்போ ஒன்னைய நெனைச்சுக்கிட்டேன்.”

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். தக்காளிக் குழம்பு அடுப்பிலேயே தீய்ந்தது. மறுபடியும் போவீங்களா என்று கேட்க வாயெடுத்தேன்.

“இன்னும் கொஞ்சம் பால் ஊத்து” என்று தட்டை நீட்டினார்.