சென்சர் பழுதில்லை

ஜெயந்தா காலைப் பூசைக்குப் போயிருந்தாள். கரம்பொனில் டீசல் வாகனங்கள் திருத்தும் அவள் கணவன் றெக்ஷன், குசினி மேசையடியில் இருந்து அவளுக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதினான். அவளுடைய அண்ணன் கிளின்ரன் இறந்து எட்டு நாள். நெஞ்சுவலியோடு அவரை ஏற்றிய ஆஸ்பத்திரி வான் பண்ணைப் பாலத்தில் வேகமெடுக்காமல் ஊர்ந்து, பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. முந்தின கிழமைதான் அதை றெக்ஷன் திருத்திக் கொடுத்திருந்தான். "ஒழுங்காப் பார்த்தனீங்களோ?" என்று அவள் கேட்டபோது "ஓம்" என்றான். அதன்பின் இருவரும் பேசவில்லை.

"ஜெயந்தா, புட்டு மூடி வைச்சிருக்கு, சாப்பிடும். நேற்று வானைத் திரும்பப் பார்த்தனான். புகையை அளக்கிற சென்சருக்குக் கரண்ட் நிண்டால் எஞ்சின் தானே வேகத்தைக் குறைச்சுப்போடும். நான் சென்சர் பழுதெண்டு புதுசு போட்டனான். வயரில கரண்ட் வருதோ எண்டு அளந்து பார்க்கேல்லை. அது புகைக்குழாயில உரசித் தேஞ்சு, விட்டு விட்டுத்தான் கரண்ட் வந்திருக்கு. அளக்க ரெண்டு நிமிசம் காணும். உமக்கு நான் சொன்னது பொய். இதை அண்ணியிட்டைப் போய்ச் சொல்லப் போறன். டிரைவர் வந்தால், வயர் மாத்தி அளந்தும் பார்த்தாச்செண்டு சொல்லும்."

சைக்கிளை எடுத்தவன் திரும்பி வந்து, துண்டின் அடியில் இடுக்கி எழுதினான்:

"நீரும் கூட வாரும் எண்டு கேக்க எனக்கு முகமில்லை."