உலைச் சுவரின் நிறம்

பாடி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள சைனம்புவுக்கு,

இறைவன் உனக்குக் குறைவில்லாத உடல்நலம் தரட்டும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நானும் உன் தம்பி தப்ரேஸும் நலம்.

இங்கே ஒரு சின்னச் சங்கடம். தப்ரேஸ் வேலை செய்யும் இரும்பு உலையின் சுவர் ஒரு பக்கம் அரித்துப்போய்விட்டது. அந்த இடம் நாளுக்கு நாள் சூடேறுகிறது. அதே ஆலையில் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்பதால், நானே வெப்பக் கேமராவில் ஒரு வாரம் படம் பிடித்தேன். யாரும் சொல்லித்தராமல் நானே கற்ற கணக்கீட்டு மென்பொருளில் அதைச் சாதாரண வீடியோவாக மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் இடமில்லையென்று மூலப் பதிவை அழித்துவிட்டேன். வெப்ப அளவுகள் அதோடு போயின, நிறம்தான் மிஞ்சியது. அதுவும் அன்றன்றைக்கு எது அதிகச் சூடோ, அதை ஒரே வெள்ளையாகக் காட்டுகிறது; நேற்றைவிட இன்று சூடு ஏறியது அதில் தெரியாது.

மேலாளர் இளங்கோ பார்த்துவிட்டுச் சிரித்தார். “இன்னா பாய், டெய்லி ஒரே கலராத்தான் கீது? சும்மா பீதி கெளப்பாதே.”

“உலையை நிறுத்துங்க சார். இரும்புக் கொழம்பு வெளிய வந்தா ஒரு ஆளும் மிஞ்சமாட்டான்” என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். நிறுத்தவில்லை.

ஊருக்கு வா என்கிறாய். வரமாட்டேன். மறுபடி படம் பிடிக்கிறேன், இம்முறை அளவுகளோடு. அதற்குச் சில நாளாகும். அதுவரை தப்ரேஸை வெளிவேலைக்கு அனுப்பிவிட்டு அவன் இடத்தில் நான் நிற்கிறேன். “வேணாம் மச்சான்” என்று அழுதான், அதட்டி அனுப்பினேன்.

என் பழைய முழுக்கைப் பருத்திச் சட்டைகளை உடனே அனுப்பு. பாலியெஸ்டர் வேண்டாம், உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். ஷிப்ட் மணி அடிக்கிறது.

உன்
உஸ்மான் கனி